கூப்பிட்டால் திரும்பாத இருவர்

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருப்பவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு, "ஆறாம் மேடையிலிருந்து புறப்படும் வண்டி" என்று ஆரம்பித்தால் போதும். டீ குடிப்பவன் கப்பைக் கீழே வைப்பான். தூங்குகிறவன் எழுந்து பெட்டியைத் தேடுவான். ஆறாம் மேடைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நிற்பார்கள். நம் அறிவிப்பாளர் பதினாறு வருஷமாக இப்படி ஊரை எழுப்பி உட்காரவைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மட்டும் அவர் குரல் சல்லிக்காசுக்குப் பெறாது.

காரணம் மேனேஜர். ஒன்பது வயது மகளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் அவளுடைய அம்மாதான். காலையில் எழுந்ததும் மகள் வீட்டை ஒரு சுற்று வருவாள். செருப்புகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா, சுவிட்சுகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, அலமாரிக் கப்புகளின் கைப்பிடிகள் எல்லாம் ஜன்னலைப் பார்க்கின்றனவா என்று சோதிப்பாள். எல்லாம் சரி என்றால் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் பல் துலக்கப் போவாள். சரியில்லை என்றால் அன்றைக்கு யாருக்கும் காப்பி கிடையாது.

அவள் அதிகம் பேச மாட்டாள். "வேணாம்", "போதும்", "அடுத்து" என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளில் குடும்பத்தை நடத்திவிடுவாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மூன்று வயதில் காதுதான் கேட்கவில்லையோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினார்கள். அவர் என்னென்னவோ கருவிகளை மாட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுக்குப் பாம்புக் காது சார். பக்கத்து ரூம்ல பேனா விழுந்தாக்கூடக் கேக்கும்" என்றார். அப்புறம் இன்னொரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். அதோடு ஆறு வருஷம் வாழ்ந்தாயிற்று. கூப்பிட்டுத் திரும்பாதது அந்த வீட்டில் குற்றமும் இல்லை, அதிசயமும் இல்லை. பின்னால் அவர்கள் காலை வாரிவிட்டது இந்த வழக்கம்தான்.

பாம்புக் காதால் வந்த கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. வண்டி ஹாரன் அடித்தால் அவளுக்கு ஊசி குத்துவதுபோல வலிக்கும். எட்டு மாதமாக அவள் தெருவில் நடக்கவே இல்லை. வாசலில் வந்து நிற்கும் பள்ளி வேனுக்குப் போகிற நாலு அடிக்கே காதைப் பொத்திக்கொள்வாள்.

அறிவிப்பாளரின் மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒருநாள் அங்கே பிரேம் மாற்ற வந்த பெண்மணி, கைவிடப்பட்ட நாய்களுக்குக் காப்பகம் நடத்துபவர். இவள் வீட்டு நிலைமையைச் சொன்னாள், அவர் ஒரு நாயைச் சொன்னார்.

"மரம் அறுக்குற மில்லுல வளந்தது. பக்கத்துல ரம்பம் ஓடிக்கிட்டே இருக்கும், இது மரத்தூள் மூட்டை மேல படுத்து நிம்மதியாத் தூங்கும். மில்லை மூடினவங்க இதை உள்ளேயே விட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க கதவை ஒடைச்சு எடுத்தப்போ எலும்பும் தோலுமா இருந்துச்சு. குலைக்காது, கடிக்காது, எந்தச் சத்தத்துக்கும் அசராது. இப்படி ஒரு தைரியசாலியை நான் பார்த்ததே இல்ல."

இப்படித்தான் மூட்டை என்று பேர் வைத்த அந்த நாய் வீட்டுக்கு வந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காதில் மட்டும் பழுப்புத் திட்டு. வந்ததும் ஹாலில் குறுக்கே படுத்துக்கொண்டது. மேனேஜர் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். பிறகு குனிந்து, அதன் வாலை எடுத்துச் சுவருக்கு இணையாக நேராக வைத்தாள். பின்னங்கால்களைச் சேர்த்து வைத்தாள். அறிவிப்பாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய் கொட்டாவி விட்டது. மேனேஜர் தலையை ஆட்டினாள். அத்தோடு நேர்முகத் தேர்வு முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அறிவிப்பாளர் நிலையத்தில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சாப்பிடும்போது மூட்டை பக்கத்தில் இருந்தால் தட்டு காலியாகிறது. அவள் தரையில் படுத்தால் அதுவும் அவளோடு அளவெடுத்ததுபோல ஒட்டிப் படுக்கிறது. மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், மனைவி மூட்டையை வெளியே கூட்டிப்போகக் கயிற்றை எடுத்தாள். மேனேஜர் எழுந்துவந்து, நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்து" என்றாள்.

சத்தம் காட்டினால் மகளின் மனசு மாறிவிடுமோ என்று பயந்து, மனைவி மெல்லக் கதவைத் திறந்தாள். அறிவிப்பாளர் அப்போது நிலையத்தில் வேலையில் இருந்தார். மூவரும் நிலையம்வரை நடந்தே போனார்கள்.

அன்றைக்கு அறிவிப்பாளர் கூண்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே மகள் நிற்கிறாள். ஒரு கை நாயின் பட்டையில், இன்னொரு கை ஒரு காதில். சுற்றிலும் அத்தனை ஹாரன், அத்தனை இரைச்சல். மூட்டை எதையும் சட்டை செய்யாமல் கல் மாதிரி நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அவளும் நின்றாள். அந்தச் சாயங்காலம் இரண்டு வண்டிகள் அறிவிப்பே இல்லாமல் புறப்பட்டுப் போயின. மேலதிகாரி விளக்கம் கேட்டார். "தொண்டை அடைச்சுக்கிச்சு சார்" என்றார் அறிவிப்பாளர். அது பொய்யில்லை.

ஆனால் காப்பகத்துப் பெண்மணி முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முப்பது நாள் வெள்ளோட்டம். முப்பதாம் நாள் நாயைத் திறந்த வெளியில் விட்டுக் கூப்பிட வேண்டும், அது வர வேண்டும். வீடு பெரிய ரோட்டைப் பார்த்து இருப்பதால் இதில் தாட்சண்யமே கிடையாது என்று சொல்லிவிட்டார். வராவிட்டால் மூட்டை ஏதோ ஒரு கிடங்குக்குக் காவலுக்குப் போகும். அவர்கள் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்கள்.

அறிவிப்பாளர் பயிற்சியில் இறங்கினார். பிஸ்கட் பொட்டலத்தோடு ஹாலின் ஒரு மூலையில் நின்று, "மூட்டை, இங்க வா" என்று ஆறாம் மேடைக் குரலில் கூப்பிட்டார். மாடியில் குடியிருந்தவர் எட்டிப் பார்த்தார். மூட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஊரே எந்திரிக்குது, நாய் எந்திரிக்கலையே" என்றாள் மனைவி.

"இதுவும் நம்ம மேனேஜர் மாதிரிதான். கேக்கும், திரும்பாது. நமக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான் வினையாயிற்று. மகளுக்காக ஆறு வருஷம் கற்றுக்கொண்டதையெல்லாம் அவர் நாயிடம் காட்டினார். கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தவில்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. அதட்டினால் ஒதுங்கிவிடும் என்று குரலைத் தாழ்த்தித் தாழ்த்தி, கடைசியில் கிசுகிசுக்க ஆரம்பித்தார். எப்போதாவது அது தற்செயலாக எழுந்து வந்தால், "பார்த்தியா, டைம் குடுத்தா வருது" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் வந்தது. காப்பகத்துக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட மைதானம். பெண்மணி கையில் காகிதத்தோடு நின்றார். மூட்டையைக் கோடியில் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டார்கள். அது வேலியோரம் முகர்ந்துகொண்டே போயிற்று. மேனேஜர் இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கூழாங்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க சார்."

அறிவிப்பாளர் கூப்பிட்டார். நிஜமாகவே அருமையான குரல். நடந்து போன ஒருவர் திரும்பினார். வேலிக்கு வெளியே சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். மைதானத்தில் விளையாடிய பிள்ளைகள் தங்களைத்தான் என்று நினைத்து இரண்டு எட்டு ஓடிவந்தார்கள். மூட்டை ஒரு கம்பத்தை முகர்ந்து, காலைத் தூக்கி நனைத்தது.

இரண்டாவது முறை தணிந்த குரலில் கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிட்டதை அழைப்பு என்று சொல்ல முடியாது, கெஞ்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சுக்கோங்க சார். எனக்கும் மனசு கேக்கல. ஆனா ரோட்டுல ஓடினா நிறுத்த முடியாத நாயை, இந்தப் பிள்ளை பட்டையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கும்போது... நான் எப்படி விட முடியும்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் அறிவிப்பாளரைக் கொன்றது. நாளைக் காலையில் மகள் வீட்டைச் சுற்றி வருவாள், ஹாலில் ஒரு இடம் காலியாக இருக்கும், அவளுக்கு அதை என்னவென்று சொல்வது. தெருக் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். பெண்மணி கயிற்றை எடுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார்.

அப்போது மூட்டை தலையை நிமிர்த்திப் பெஞ்சுப் பக்கம் பார்த்தது. மேனேஜரும் கல்லை விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, விரல்கள் பறக்கப் பறக்க ஆட்டினாள். சந்தோஷம் உடம்புக்குள் கொள்ளாமல் போகும்போது அவள் செய்வது அது.

மூட்டை பாய்ந்து வந்தது.

அறிவிப்பாளர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தது மகளின் கைகளையும், அவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள்காரரையும்தான். முன்பு மகளுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு டீச்சர், பொது இடத்தில் கையை இப்படி ஆட்ட விடாதீர்கள், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவரும் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"கை கீழே" என்றார்.

அவர் சொல்லி அவள் கேட்கும் ஒரே அறிவிப்பு அதுதான். கைகள் கீழே இறங்கின. பாதி மைதானத்தில் ஓடிவந்துகொண்டிருந்த மூட்டை திகைத்து நின்றது.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. கைகள் மறுபடி எழுந்தன. மூட்டை மறுபடி ஓடியது.

"ஏங்க," என்றாள் மனைவி. "கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

மூட்டை வந்து மேனேஜரின் காலில் முட்டி நின்றதும், மனைவி மெல்ல அதன் பின்னால் போனாள். கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைச் சிமெண்டுத் தரையில் நங்கென்று போட்டாள். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டாள். சைக்கிள்காரர் துள்ளினார். மூட்டையின் காதுமடல்கூட அசையவில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். முப்பது நாளாக அந்தப் பழமொழி நாலு காலோடு தங்கள் ஹாலில் படுத்திருந்தது இப்போதுதான் புரிந்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் இரண்டே நாளில் கண்டுபிடித்திருப்பார்கள். இவர்களுக்கோ, கூப்பிட்டால் திரும்பாதவர்கள் எல்லாருக்கும் பாம்புக் காது என்று எண்ணம். காது கேட்காத நாயிடம் போய்க் கிசுகிசுத்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"தைரியசாலின்னு நான்தானே சொன்னேன்" என்று பெண்மணி தலையில் அடித்துக்கொண்டார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கவே இல்லை, கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

பெண்மணி சீக்கிரமே பழையபடி கறாராகிவிட்டார். "வந்துச்சு, சரி. ஆனா பிள்ளை பாத்ரூம்ல இருக்கும்போது கதவு தொறந்துகிட்டா? பெரியவங்க ஒருத்தராவது கூப்பிட்டு அது வரணும். சார், நீங்க."

மூட்டையை மறுபடி கோடிக்குக் கொண்டுபோனார்கள். அது திரும்பிப் பார்த்ததும் அறிவிப்பாளர் கையைத் தூக்கினார். தூக்கினார் என்று பேர்தான். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன, விரல்கள் விறைத்திருந்தன. போலீஸ்காரர் பாதி மனசோடு வண்டியை நிறுத்துவது போல இருந்தது. சைக்கிள்காரர் வேறு இன்னும் போகவில்லை. மூட்டை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி வேலியை முகரப் போயிற்று.

மேனேஜர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணலாகக் கிடக்கும் செருப்பைப் பார்க்கிற அதே பார்வை. யாரையும் தானாகத் தொடாத பெண், யார் தொட்டாலும் நழுவிக்கொள்ளும் பெண், நேராக நடந்து வந்து அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தாள். முழங்கைகளை விலாவிலிருந்து பிரித்தாள்.

"மேல" என்றாள்.

அவர் உயர்த்தினார். அவளுக்குப் போதவில்லை.

"கை மேல" என்று எம்பி எம்பி இன்னும் தூக்கி, விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக உதறிவிட்டாள்.

எத்தனை தடவை, எத்தனை கடைகளில், எத்தனை தெருக்களில் இவள் சந்தோஷத்தைக் கீழே இறக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு வலித்தது. வெட்கமாக இருந்தது. சைக்கிள்காரரைப் பார்த்து வந்த வெட்கம் அல்ல அது. அவர் கைகளை வானத்துக்குத் தூக்கி, முழு உடம்பும் குலுங்க ஆட்டினார். பக்கத்தில் மகளும் ஆட்டினாள்.

மூட்டை மைதானம் முழுவதையும் ஒரே மூச்சில் கடந்து, நேராக அவர் வயிற்றில் வந்து மோதியது. அறிவிப்பாளர் மல்லாக்க விழுந்தார். சட்டையெல்லாம் புழுதி, முகமெல்லாம் நாயின் எச்சில். மேனேஜர் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள். மூட்டையை எழுப்பிவிட்டு, கோடியை நோக்கிக் கை காட்டி, "அடுத்து" என்றாள்.

பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதத்தை நீட்டினார். "எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போடுங்க சார்."

"கை காலியா இல்ல மேடம்" என்றார் அறிவிப்பாளர், படுத்தபடியே இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு.

"குடுங்க, நான் போடறேன்" என்று மனைவி பேனாவை வாங்கிக்கொண்டாள்.