முதல் அழைப்பில் வந்த குரல்

மட்டக்களப்பு வாவிக்கரையில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இயங்கும் அந்த வானொலியில் பாட்டுக் குறைவு, பேச்சு அதிகம். மீன் விலையோ புருஷனின் குடியோ, யாரும் எதையும் தொலைபேசியில் சொல்லலாம். கிரானைச் சேர்ந்த அன்னப்பூரணி அடிக்கடி அழைப்பு எடுப்பார். 2008இல் காணாமற்போன தம்பி உதயரூபனைக் கண்டவர்கள் யாராவது உண்டா என்று கேட்டு அழுவார்.

பதினான்காவது ஆண்டு நிறைவன்று, அறிவிப்பாளர் மேனுகா நிலையத்தின் கதையை நேயர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவாளர் பஹ்மி 2011இல் வந்த முதல் அழைப்பைத் தேடியெடுத்துப் போட்டான். ரவி என்று பெயர் சொன்ன ஒருவன், தங்கள் வயல் வட்டையில் யானை புகுந்து நெல்லைத் தின்பதாக முறையிட்டான். மேனுகா சிரித்தபடி அடுத்த கதைக்குப் போகுமுன் தொலைபேசி அடித்தது. அன்னப்பூரணி.

"அத இன்னொருக்காப் போடு மனே."

பஹ்மி போட்டான்.

"அது என்ட தம்பி."

காணாமற்போய் மூன்று வருடம் கழித்து, யானையைப் பற்றி முறையிட்டுக்கொண்டு அவன் உயிரோடு இருந்திருக்கிறான். மேனுகா அன்னப்பூரணியை இணைப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ரவியை அறிந்தவர்கள் எடுக்கும்படி கேட்டாள்.

சற்று நேரத்தில், வெலிக்கந்தைப் பக்கம் நெல் ஆலை வைத்திருக்கும் முகைதீன்பாவா எடுத்தார். ரவி தன்னிடம்தான் வேலை செய்கிறான் என்றார். ஆலையில் எந்நேரமும் இந்த வானொலிதான் என்றும், அந்த அக்கா அழும்போது ரவி எழுந்து வெளியே போய்விடுவான் என்றும், அது ஏன் என்று தனக்கு இன்றுதான் விளங்குகிறது என்றும் சொன்னார்.

அன்னப்பூரணி இன்னும் இணைப்பில்தான் இருந்தார்.

"அவர் இப்ப எங்க?" என்று மேனுகா முகைதீன்பாவாவைக் கேட்டாள்.

"பக்கத்திலதான் நிக்கான். கதைக்க மாட்டேங்கான்."

பிறகு அவனே தொலைபேசியை வாங்கினான். "அக்கா."

"நான் அழுறதக் கேட்டுக்கிட்டா இருந்த நீ?"

"ஓம்."

அன்னப்பூரணி தொலைபேசியை வைத்துவிட்டார். பஹ்மி ஒரு பாட்டைப் போட்டான்.

யுத்த காலத்தில் தன்னைப் பிடிக்க ஆட்கள் தேடி வந்தபோது ஓடி, பெயரை மாற்றிக்கொண்டவன் அவன். உயிரோடிருப்பது தெரிந்தால் அக்காவைப் பிடிப்பார்கள் என்று முதலில் பயந்தான். அந்தப் பயம் போன பிறகு, இத்தனை வருடம் கழித்து எந்த முகத்தோடு போவது என்று பயந்தான். முகைதீன்பாவா மேனுகாவிடம் பின்னர் சொன்னது இது.

அடுத்த கிழமை அவரே அவனைக் கிரானுக்குக் கொண்டுபோய் விட்டார். அன்னப்பூரணி கதவைத் திறந்து, அவன் முகத்தை இரு கையாலும் தடவிப் பார்த்தார். பிறகு ஓங்கி அறைந்தார். உள்ளே போய் அவனுக்குப் பாயை விரித்தார். இன்றுவரை அவனுடன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.