அப்பா பாதியில் விட்ட சேறு

நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவே இல்லை. வெந்நீரில் சோப்பைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். உயிரோடு இருந்தவரை அப்பா இப்படிக் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்ததே இல்லை.

"விடும்மா. நான் தேய்க்காத தேய்ப்பா? அது சோப்புக்கு மசியாது" என்றாள் அம்மா.

நகரத்தின் நடுவிலிருந்த பழைய கப்பல்துறையின் அடியில், சாயப்பட்டறைகள் காலங்காலமாகக் கொட்டிய விஷம் கறுப்புச் சேறாகப் படிந்திருந்தது. அதை அள்ளும் மிதவைக் கிரேனை ஓட்டியவர் அப்பா. அள்ளிய சேற்றில் விரலை விட்டுக் கிளறிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கறுப்புக்கு அடியில் மஞ்சளாகச் சுத்தமான களிமண் இருக்கிறதாம். அது தென்பட்டால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று அர்த்தம். கையுறை போடச் சொல்லி அம்மா தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள்.

துறையில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். சேற்றைக் கவ்விய கிரேனின் இரும்பு வாயை அவ்வளவு மெதுவாகத் தூக்குவார். பக்கத்துத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் கிரேன் ஓட்டுகிற மகளோ காற்றாய்ச் சுழற்றுவாள்.

"நீங்க ஒண்ணைத் தூக்கறதுக்குள்ள நான் ஒரு கப்பலையே காலி பண்ணிடுவேன்பா" என்பாள்.

"உன் பெட்டி சிந்தாது. என் சேறு சிந்தும்" என்பார்.

நேற்று மதியம் கிரேன் அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கீழே நின்று அவருக்குச் சைகை காட்டும் கூட்டாளி துக்கம் கேட்க வந்திருந்தார். வாய் ஓயாத மனிதர். 'ரேடியோ' என்றால்தான் தெரியும். போகிறேன் என்று செருப்பை மாட்டியவர், போகாமல் நின்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல பாப்பா... உங்கப்பா கடைசியா எறக்கின வாய் இன்னும் அடியிலேயே கெடக்கு, சேத்தைக் கவ்வுனபடி. சாயங்காலம் துறைவாசல் மதகைத் தொறந்து ஒரு கப்பல் போகணுமாம். வேற ஆளு நாளைக்குத்தான் வர்றான். அதுவரைக்கும் எதுக்கு, நானே ஒரே இழுப்பா இழுத்துடறேங்கறாரு சூப்பர்வைசர்."

"இழுத்தா?"

"கலங்கிப் போயிடும். அதோட மதகையும் தொறந்தா, சுத்தம் பண்ணின எடமெல்லாம் மறுபடி வெஷம். உங்கப்பன் இத்தனை நாள் பட்ட பாடு ஆத்துல கரைச்ச புளிதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்ட? இன்னும் கொஞ்ச நேரத்துல எடுக்கணும். பெத்தவன் கெடக்கான், உனக்குச் சேறு பெருசாப் போச்சா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அதுக்குள்ள வந்துடுவேன் சித்தப்பா."

"வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்" என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னிக்கே என்னைக் காக்க வெச்ச மனுஷன். இன்னைக்கு அவர் காத்திருக்கட்டும்."

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

கிரேன் அறையில் அப்பா பாதி குடித்த தேநீர் ஆடை படிந்து இருந்தது. இருக்கையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம். அவள் அதில் உட்கார்ந்தாள். பழகிய கை, நெம்புகோலைத் தொட்டதும் தன் போக்கில் தள்ளிவிட்டது. கம்பி வெடுக்கென்று விறைத்தது. தண்ணீரில் ஒரு கறுப்புக் குமிழ் வந்து உடைந்தது.

கீழே ரேடியோ மாமாவின் உள்ளங்கை உயர்ந்தது. நிறுத்து.

நிறுத்தினாள். இந்த முறை விரல் நுனியால் மட்டும் தொட்டாள். கம்பி ஏறுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கரையிலிருந்து சூப்பர்வைசர், "கப்பல் நிக்குதும்மா! சட்டுனு தூக்கு!" என்று கத்தினார்.

"நிக்கட்டும்" என்றாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே.

இரும்பு வாய் தண்ணீரை விட்டு எழுந்தபோது ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மிதவைத் தொட்டிக்கு மேலே கொண்டுபோய்த் திறந்தாள். கறுப்புச் சேறு சரிந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சள் கட்டி ஒன்று உருண்டு விழுந்தது.

மாமா தொப்பியைக் கழற்றினார். அவள் இறங்கி வந்து, கையுறையைத் தேடாமல், அந்தக் கட்டிக்குள் விரலை விட்டாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலேயே உட்கார்ந்து, மறுபடி அப்பாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அம்மா பார்த்தாள். அவர் நகத்தில் கறுப்பு. மகள் நகத்தில் கழுவியும் போகாத மஞ்சள்.

ஆறிப்போன வெந்நீரையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இப்போ எடுக்கலாம்" என்று அங்கிருந்தே சொன்னாள்.