வயல்காரர் காயவைத்த மண்

மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்கை வாங்கி அங்கே குழந்தைகள் காப்பகம் கட்டப்போவதாக அண்ணி சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. மண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பழைய பங்க் நிலங்களில் பெட்ரோல் எவ்வளவு ஊறியிருக்கிறது, மேலே என்ன கட்டலாம் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. சொந்தக்காரர் வேலையை எடுக்கக் கூடாது என்று எங்கள் ஆபீசில் விதி இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப்போகும் காப்பகம் அது; அண்ணி அதுவரை வாடகை வீட்டில் நடத்திவந்தார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். இந்த இடமும் கைநழுவினால் காப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

லேப் ரிசல்ட் வந்தது. மண் அடைத்து அனுப்பிய எந்தப் பாட்டிலிலும் பெட்ரோல் இல்லை. அண்ணன் போன் செய்து, "நான் அப்பவே சொன்னேன்ல? சும்மா பயமுறுத்திட்டே இருந்தே" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. காலமெல்லாம் பெட்ரோல் விற்ற மண்ணில் பெட்ரோலே இல்லையாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?

மண் எடுத்தவர் எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். அதற்கு முன் விவசாய நிலங்களில் மண் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அதனால் ஆபீசில் அவருக்கு வயல்காரர் என்று பெயர். கூப்பிட்டு, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சுத்தமாத்தான் எடுத்தேன் மேடம். ஈரமா இருந்துச்சு. பேப்பர்ல பரப்பிக் காயவச்சு, கல்லு கில்லு இல்லாம சலிச்சு, அப்புறம்தான் பாட்டில்ல போட்டேன். நிழல்லதான் காயவச்சேன், வெயில்ல வைக்கவே இல்ல."

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பயிர் போடும் மண்ணுக்கு அதுதான் முறை. பெட்ரோல் ஊறிய மண்ணை எடுத்த கையோடு பாட்டிலில் அடைத்து ஐஸில் வைக்க வேண்டும். பரப்பினால் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். தேட வேண்டியதை விரட்டிவிட்டல்லவா மனுஷன் தேடியிருக்கிறார்! திட்டு வாய்வரை வந்தது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

மறுபடியும் எடுக்க வேண்டும் என்றதும் அண்ணன், "நல்ல ரிசல்ட் வந்தா உனக்குப் பொறுக்காதே" என்றான். அண்ணிதான், "எடுக்கட்டும் விடுங்க" என்றார்.

இந்த முறை கூடவே நின்று எடுக்கவைத்தேன். ஒரு மூலை மண்ணில் பெட்ரோல் மாட்டியது, பழைய டேங்க் புதைந்திருந்த மூலை. அண்ணியின் பிளானில் குழந்தைகள் மதியம் தூங்கும் அறை அங்கேதான் இருந்தது. இடமோ கையகலம், அறையைத் தள்ளிப்போட வேறு பக்கம் கிடையாது.

அண்ணி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அந்த மண்ணைத் தோண்டி அள்ளிடலாம் அண்ணி. அந்தச் செலவை விக்கிறவர் தலையில கட்டிடலாம். ஆனா எல்லாம் வராது. மிச்சத்துல இருந்து ஆவி மேல வராம, தரைக்கு அடியில கெட்டி ஷீட் விரிச்சு, குழாய் வச்சு வெளிய இழுத்துடலாம்."

"செஞ்சா சரியாயிடுமா?"

"அனுமதிச்ச அளவுக்குக் கீழ வந்துடும்."

"அளவை விடு. உன் பொண்ணை அங்க தூங்க வைப்பியா?"

என் மகளுக்கு இரண்டு வயது. பகலில் என் மாமியாரிடம் இருந்தாள். அளவுக்குக் கீழே என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"வைப்பேன்" என்றேன். பொய் இல்லை. கணக்கு அப்படித்தான் சொன்னது.

"அப்போ முதல் அட்மிஷன் அவதான்" என்றார் அண்ணி.

தோண்டி, அள்ளி, கட்டி முடித்தார்கள். அந்த அறையின் காற்றை அளந்தேன். அளவுக்கு வெகு கீழே இருந்தது. திரும்பவும் அளந்தேன், அதேதான். "இன்னும் எத்தனை தடவை மேடம்?" என்று வயல்காரர் சலித்துக்கொண்டார்.

திறந்த அன்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மதியம் அந்த மூலையில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். அவளைச் சுற்றி மற்றப் பிள்ளைகள் தூங்கினார்கள்.

"ஆபீஸ் இல்லையா உனக்கு? கிளம்பு" என்றார் அண்ணி.

"அவ எழுந்ததும் போறேன் அண்ணி."

எனக்குப் பயமாக இருந்தது. எண்ணில் ஒரு தப்பும் இல்லை. மற்ற அம்மாக்களெல்லாம் என் ரிப்போர்ட்டை நம்பி வேலைக்குப் போய்விட்டார்கள். என்னால்தான் போக முடியவில்லை.