இரட்டை எஞ்சின் சுதி

பிஜித் தீவின் சவுசவு படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்க்கும் விலிகேசாவுக்கு நாற்பத்தொரு வயது. பாட்டு என்றால் உயிர். குரல் மட்டும் கிடையாது. மனைவி இலிசபெதி பாடினால் ஊரே தலையாட்டும். இரவுப் பாட்டுக் கூட்டங்களில் இவன் யங்கோனா வேர்ப்பொடியை நீரில் கரைத்துச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பான். அவள் பாட்டுக்குள் தானும் எப்படியாவது புகுந்துவிட வேண்டும் என்று ஒரு பழைய கிதாரை வாங்கி வந்தான்.

முதல் நாளே ஒரு கம்பியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான். அது அறுந்து கன்னத்தில் கோடு போட்டது.

மறுநாள் இலிசபெதியின் அண்ணன் செமேசா வந்தான். ஊரில் நல்ல கிதார்க் கை அவனுடையதுதான்.

"என்ன மச்சான், தங்கச்சி கை வச்சிட்டாளா?"

"கம்பி அடிச்சிருச்சு."

"கம்பிக்காவது தைரியம் வந்துச்சே."

சிரித்து ஓய்ந்தபின் செமேசா புதுக் கம்பி மாட்டினான். மேலே இருந்த தடித்த கம்பிக்குத் தானே சுதி வைத்தான். "இத அஞ்சாவது கட்டத்துல அழுத்து. பக்கத்துக் கம்பியச் சும்மா விட்டு ரெண்டையும் சேத்துத் தட்டு. ஒரே குரலாக் கேக்கணும். இப்படியே கீழ வரைக்கும். ஒரு எடத்துல மட்டும் நாலாவது கட்டம். ஏன்னு கேக்காத, எனக்கும் தெரியாது."

இரண்டு வாரம் போனது. ஒரே குரல் என்பது விலிகேசாவின் காதுக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு சனிக்கிழமை இரட்டை எஞ்சின் படகு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒரு எஞ்சின் சற்று வேகமாக ஓடியது. இரண்டின் இரைச்சலும் சேர்ந்து, வ்வ்வ... வ்வ்வ... என்று ஏறி இறங்கியது. திருகாணியை மெல்லத் திருப்பினான். அந்த அலை நீண்டது, மெதுவானது, அடங்கியது. வழக்கமாகச் செய்கிற வேலைதான். அன்று கை அப்படியே நின்றுவிட்டது. கம்பிகளிலும் இதே நடுக்கத்தைக் கேட்டிருந்தான்.

எண்ணெய்க் கையோடு வீட்டுக்கு ஓடினான். இரண்டு கம்பிகளைத் தட்டினான். நடுக்கம் இருந்தது. முறுக்கியை மயிரிழை திருப்பினான். அடங்கியது. ஆறு கம்பிக்கும் கால் மணி நேரம் போதுமாயிருந்தது.

வாசிப்பது வேறு பாடு. விரல் நுனி கன்றிப்போனது. கம்பிகள் உயரமாக நிற்பதைக் கண்டு, அவற்றைத் தாங்கும் வெள்ளை எலும்புத் துண்டைக் கழற்றி அடியில் உப்புத்தாளால் தேய்த்துத் தணித்தான். இலிசபெதி அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"எஞ்சினத் தூக்குற மாதிரி பிடிக்காதீங்க. தோள இறக்குங்க. அது எங்கயும் ஓடிப் போகாது."

தோளை இறக்கினான். பாதி வலி போய்விட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் கிதாரோடு பாயில் உட்கார்ந்தான். மூன்று விரல்பிடிகள்தான் தெரியும். நான்காவது வருமிடத்தில் விரலை எடுத்துவிட்டுக் கிதாரின் மரப்பெட்டியில் தாளம் தட்டினான்.

"அந்த எடம் வந்தாப் பெட்ரோல் தீந்துபோகுதா மச்சான்?" என்றான் செமேசா.

"மேடு. அணைச்சுட்டுத் தள்ளிக்கிட்டுப் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இலிசபெதி பாடிக்கொண்டே பாயில் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மழை ஈரத்தில் செமேசாவின் கிதார் சுதி இறங்கியது. இரண்டு தரம் முறுக்கிப் பார்த்தவன், அதை மச்சானிடம் நீட்டினான். விலிகேசா காதைப் பெட்டியோரம் சாய்த்தான். பாடகர்கள் காத்திருந்தார்கள்.