யாரு ஜாடை

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் குருட்டு மீன்கள். தொட்டி கழுவி இரை போடுவது அவர். முட்டை எடுத்து, குஞ்சு வளர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது நான். ஆற்றில் வெளிச்சத்தில் திரிந்த மீன்கள் என்றோ ஒரு காலத்தில் குகைகளுக்குள் போய் மாட்டிக்கொண்டன. இருட்டில் கண்ணை வைத்துக் காப்பாற்றுவது தண்டச் செலவு. தலைமுறை தலைமுறையாகக் கண் போனது, நிறம் போனது, தூக்கம்கூடக் குறைந்தது. பதிலுக்கு வாயைச் சுற்றி ருசி மொட்டுகள் பெருகின, உடம்பில் கொழுப்பு சேர்ந்தது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கருவில் கண் உருவாகத்தான் செய்யும். ஒழுங்காக ஆரம்பிக்கும். அப்புறம் உள்ளே லென்ஸ் செத்து, கண் சுருங்கி, மேலே தோல் மூடிவிடும். முதல் தடவை அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

"மீனுக்கெல்லாம் அழறா, வீட்டுல ஒரு மனுசன் இருக்கானேன்னு கண்டுக்க மாட்டேங்கறா" என்று அவர் கிண்டல் செய்தார்.

ஒவ்வொரு முறை குஞ்சு பொரித்ததும், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி, "யாரு ஜாடை?" என்று கேட்பார்.

"டாக்டரம்மா ஜாடை. யாரையும் ஏறிட்டுப் பாக்காது" என்பேன். டாக்டரம்மா எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி.

எங்களுக்கென்று ஒன்றைப் பார்த்து அப்படிக் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை. கல்யாணமான புதிதில் நான் ஆசையாகக் கேட்டபோது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. சொந்தக்காரர்கள் குறை என்னிடம்தான் என்று முடிவு கட்டினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. இப்போது எனக்கு அந்த வயதும் தாண்டிவிட்டது.

எங்களிடம் இரண்டு வெவ்வேறு குகைகளின் மீன்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது. தொட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் அடையாளம். அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, தோள்வலிக்காரர் ஆயிற்றே என்று மேல்தட்டுத் தொட்டிகளைக் கீழே இறக்கி, கீழே இருந்தவற்றை மேலே ஏற்றினேன்.

"இடம் மாத்தியிருக்கேன். தொட்டி கழுவிட்டு மீனைத் திருப்பி விடும்போது ஸ்டிக்கரைப் பாத்துப் போடுங்க" என்று சொல்லவும் செய்தேன்.

"சரி தாயே" என்றார்.

அதற்கப்புறம் பொரித்த ஒரு தொகுதியில், கண் மூடிப்போக வேண்டிய கட்டம் தாண்டியும் சில குஞ்சுகளுக்குக் கண் இருந்தது. சின்னக் கண்தான். டார்ச்சை நகர்த்தினால் வெளிச்சத்தின் பின்னாலேயே திரும்பின. ஒரு குகையில் கண்ணைக் கெடுத்த மரபணு வேறு, இன்னொரு குகையில் கெடுத்தது வேறு. இரண்டும் சேர்ந்தால் இதில் பழுதானதை அது ஈடுகட்டிவிடும். குருட்டு அப்பாவுக்கும் குருட்டு அம்மாவுக்கும் கண் தெரிகிற பிள்ளை பிறக்கும். ஆக, யாரோ இரண்டு குகை மீன்களையும் ஒரே தொட்டியில் போட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இவர்தான்!

கோபம் தலைக்கேறத் தொட்டி அறைக்குள் போனேன். அங்கே எப்போதும் மங்கலான சிவப்பு விளக்குதான். அதில் யார் தடவித் தடவி நடந்தாலும் வித்தியாசமாகத் தெரியாது. ஸ்டிக்கர்கள் எல்லாம் ஒட்டியபடியேதான் இருந்தன, அப்புறம் எப்படி மாறிற்று என்று ஒரு சந்தேகம் தட்டியது. பெரிய விளக்கைப் போட்டு, மேசையில் கிடந்த ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இதைப் படிங்க."

வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "முதல் குகை, நாலாம் நம்பர். ஏன், என்ன ஆச்சு?"

அது ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சுகிற வெறும் மெழுகுத்தாள்.

"அடப்பாவி" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பார்வையில ஓரமெல்லாம் எப்பவோ போச்சு. நடுவுல இருந்ததும் இந்த வருசம் போயிடுச்சு. எந்தத் தொட்டி எங்கன்னு கைக்குத் தெரியும், சமாளிச்சுட்டேன். அப்பாவுக்கு வந்ததுதான்."

மாமனாருக்குச் சர்க்கரையால் கண் போனது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே கண்ணு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார். "பொறக்கற பிள்ளைக்கும்... அதான் வேண்டாம்னு இருந்தேன்."

"பிள்ளைக்கு வரும்னாரா, வரலாம்னாரா?"

மெழுகுத்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல? எந்த வார்த்தை சொன்னாரு?"

"வரலாம்னாரு."

ஒரு 'லாம்'. அதற்காகத்தான் இத்தனை வருடமும் கண்டவர் பேச்சையெல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவரை 'நீ' என்றேன்.

"நீ யாரு எனக்கும் சேத்து முடிவு பண்ண? சொல்லியிருந்தா ரெண்டு பேருமா பயந்திருக்கலாம். வராமலே போயிருக்கலாம். வந்திருந்தாலும் பெத்திருப்பேன், கையைப் பிடிச்சு நடத்தியிருப்பேன்!"

"சொன்னா நீ என்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன்."

இந்த மனிதரோடு இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறேன். என்னை அவருக்கு இவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

நடந்ததைச் சொன்னபோது டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இனிமேல் அவர் மீன் அறைக்கு வர வேண்டாம் என்றார். கலந்துபோன குஞ்சுகளை வைத்துக்கொள்ள முடியாது, இன்றே அழித்துவிடு என்றார். அது என் வேலை.

குஞ்சுகளை மைக்ராஸ்கோப் அறைக்கு எடுத்துப் போய் வெள்ளைத் தட்டில் ஊற்றி, மயக்க மருந்தை எடுத்துவைத்தேன். அளவு கூடினால் தூங்கியபடியே போய்விடும். அவர் வந்து, தட்டின் விளிம்பைக் கையால் தேடிப் பிடித்துக் குனிந்தார். அவர் நிழல் விழுந்ததும் கண் இருந்த குஞ்சுகள் மட்டும் சட்டென்று திரும்பின.

"பாக்குதா?"

"பாக்குது. உங்களைத்தான்."

எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்கப் பார்த்தார், முடியவில்லை.

"யாரு ஜாடை?"

"அப்பா ஜாடைதான்" என்றேன். "கண்ணு மட்டும் என்னோடது."

தட்டை அவர் பிடித்துக்கொண்டார். நான் மருந்தை ஊற்றினேன்.