பெனடிக்ற் அண்ணையின் பதில்

செபஸ்தியாம்பிள்ளை மன்னார்ப் பக்கம் பொலிஸ் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டுக் கள்ளரைத் துரத்துவதும் குளத்தில் மிதந்த பிணங்களைக் கரையேற்றுவதுமாகவே அவருடைய சேவைக்காலம் போனது. கால் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் மனைவி பிலோமினம்மாவோடு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் மகளுடன் இருந்தார்.

அடுத்த மாரியில் இரண்டு வெள்ளைக்காரப் பெடியள் வேதம் சொல்ல வந்து கதவைத் தட்டினார்கள். துரத்தத்தான் எழுந்தார், மழையில் விறைத்து நின்றதைப் பார்த்து உள்ளே விட்டார். செத்த பிறகும் குடும்பம் பிரியாது என்று அவர்கள் சொன்னது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய மோர்மன் சபையில் சேர்ந்து, சபை விலக்கிய தேத்தண்ணியைக்கூட விட்டுவிட்டார். பிலோமினம்மா அசையவில்லை.

"நான் மாதாவை விட்டிட்டு வரமாட்டன். நீங்கள் போங்கோ."

மோர்மன்கள் இறந்தவர்களுக்காகவும் ஞானஸ்நானம் பெறுவார்கள். செபஸ்தியாம்பிள்ளையின் தமையன் பெனடிக்ற் பேசாலைக் கடலில் வலைக்குப் போய்த் திரும்பாதவர், உடலும் கிடைக்கவில்லை. தொண்ணூற்றுமூன்றில் ஒரு சனிக்கிழமை, லண்டனுக்குத் தெற்கே சறேயில் உள்ள மோர்மன் ஆலயத்தில் பன்னிரண்டு எருதுச் சிலைகள் சுமந்த தொட்டிக்குள் வெள்ளை உடுப்போடு இறங்கி, தமையனின் பெயரில் மூழ்கினார். எழும்பும்போது வாயெல்லாம் உப்புக் கரித்தது. உப்பில்லாத நல்ல தண்ணீர்த் தொட்டி அது.

வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தார். பின்னேர வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. குசினியிலிருந்து வந்த பிலோமினம்மா வாசலில் நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லையே."

"அப்ப உது என்ன?"

நிலத்தில் ஈரக் கால் தடங்கள். செபஸ்தியாம்பிள்ளை பழைய பொலிஸ்காரனாகக் குனிந்தார். வெறுங்கால். ஆள் உயரம், நடை ஆறுதல், அவசரமில்லை. முன்கதவுக்கு உள்ளே தொடங்கி, அவருடைய கதிரைக்குப் பின்னால் கன நேரம் நின்றிருக்கிறது. அங்கே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கடல் தண்ணீர். இடது காலில் சின்ன விரல் இல்லை. திருக்கை மீன் அடித்து அண்ணைக்கு அந்த விரல் போனபோது அவரைத் தோளில் தூக்கிவந்தவர் இவர்தான்.

கதிரையிலிருந்து தடங்கள் பிலோமினம்மாவின் மாதா படத்தடிக்குப் போயின. அங்கே இரண்டு முழங்கால்களின் ஈர அடையாளம். திரும்பி வந்த தடமே இல்லை.

"அண்ணை மறுமொழி சொல்லிப்போட்டார்," என்றார் மெதுவாக.

அடுத்த ஞாயிறு சபை மூப்பரிடம் நடந்ததைச் சொல்லி, அண்ணை சபைக்கு வரமாட்டாரோ என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் கதவைத் திறந்துதான் விடலாம். வாறதும் விடுறதும் அவையின்ர விருப்பம்."

அந்தப் பதில் அவருக்குப் போதுமாயிருந்தது. சாகும்வரை மோர்மனாகவே இருந்தார். ஆனால் அந்தக் கிழமையே பிலோமினம்மா பெனடிக்ற்றுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தபோது, கூடக் கோயிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தார். பக்கத்து இடத்தில் ஒருவரும் இல்லை. இருந்தும் பூசை முடியும்வரை ஒதுங்கி, ஒரு ஆள் இருக்க இடம் விட்டுத்தான் இருந்தார்.