கணப்பு மூட்டாத அறை

என் கணவர் எவரிஸ்த் லூபே ஓர் ஓவியர் என்றால் பாரீஸில் பாதிப் பேர் யார் அது என்பார்கள். மீதிப் பேர் அதைக்கூடக் கேட்க மாட்டார்கள். வருடாந்திரக் கண்காட்சியில் ஒரே ஒரு முறை இடம் கொடுத்தார்கள். அந்தப் படத்தையும் கூரையை ஒட்டி மாட்டினார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அப்புறம் தேவாலயங்களுக்குப் புனிதர்களை வரைந்து வயிற்றைக் கழுவினோம்.

எங்கள் மகள் செலி நாலு வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டாள். அந்தக் குளிர்காலமே அவர் அவளை நினைவிலிருந்து வரைந்தார். நிழல் ஆழமாக விழ வேண்டும் என்று வண்ணத்தில் தாரைக் கலந்தார். அப்போது ஓவியர்கள் பலருக்கும் அந்தப் பித்து இருந்தது. அழகாகத்தான் வந்தது, இருட்டிலிருந்து குழந்தை எட்டிப் பார்த்தாள். அவளுடைய வேறு படம் எங்களிடம் கிடையாது.

தார் சரியாகக் காய்வதே இல்லை என்பது சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. சூடு பட்டால் இளகும். முதலில் அவள் கவுன் சுருங்கியது, பிறகு ஒரு கை வழிந்தது. முகமாவது தப்பட்டும் என்று அறையில் கணப்பு மூட்டுவதை நிறுத்தினோம். எங்களுக்கு இருந்ததே அந்த ஓர் அறைதான். படத்தை அசைத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். சூப்பைக்கூட மாடிப்படியில் வைத்துத்தான் காய்ச்சினேன். முப்பது வருடமாகக் குளிர்காலத்தில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு தூங்கினோம். பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கஞ்சர்கள் என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

போன ஜனவரியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, கணப்பு மூட்டாவிட்டால் அடுத்துப் பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டும் என்றார். அவர் போனதும் எவரிஸ்த் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூட்டாத, ஒனொரின். நான் வாழ்ந்து முடிச்சவன். அவளுக்கு நாலு வயசுதான்."

"பேசாமப் படுங்க," என்றேன்.

மூட்டினேன். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விறகை அள்ளிப் போட்டேன். அறையெல்லாம் தார் வாசனை. பாழாய்ப்போன அழுகைகூட எனக்கு வரவில்லை.

அவர் பிழைத்தார். படத்தில் அவள் முகம் மோவாய்க்குக் கீழே வழிந்து போயிருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குளிர் விட்டதும் புதுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். இந்த முறை தார் இல்லை. நெற்றி வந்தது, கன்னம் வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"கண்ணு என்ன நிறம், சொல்லு. நீ பெத்தவ, உனக்கு மறந்திருக்காது."

"பழுப்பு," என்றேன், யோசிக்காமல்.

அவர் தூரிகையை மெல்லக் கீழே வைத்தார்.

"பழுப்பு நான் போட்டது. நிழலோட ஒத்துப் போகணும்னு மாத்தினேன். எதுலேர்ந்து மாத்தினேன்னுதான் ஞாபகமில்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டு என் குழந்தையைத் தேடினேன். திரும்பத் திரும்பப் படம்தான் வந்தது, பழுப்புக் கண்ணோடு.